பதிப்புரிமை வழக்கறிஞர் தொழில்: எந்த வழி யாருக்கு?

பதிப்புரிமையும் புதிய தொழில்நுட்பமும் சேரும் இடத்தில் தொழில் செய்ய மூன்று வழிகள் உண்டு: வழக்காடுதல், நிறுவனச் சட்டப் பிரிவு, காப்புரிமை (பேட்டன்ட்) முகவர் பணி. தென்காசி வட்டாரத்தில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் பலர், விளம்பரத்தில் மயங்கியோ வீட்டாரின் வற்புறுத்தலாலோ இந்த மூன்றையும் விட்டுவிட்டு, சில வாரச் சான்றிதழோடு ‘ஏஐ சட்ட நிபுணர்’ ஆகப் பார்க்கிறார்கள்.

வழக்காடுதல்: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை பறிபோனவர் தாம் வசிக்கும் பகுதியின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்குத் தனிப் பிரிவு உண்டு. வழக்குக்கான விஷயங்கள் உள்ளூரிலேயே கிடக்கின்றன. குற்றாலம் சீசனில் ஒருவர் காசு கொடுத்துத் தம்மைப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அந்தப் படத்தின் உரிமை அவருக்கே, எடுத்தவருக்கு அல்ல. அதை விளம்பரத்துக்கு விற்கும் புகைப்படக்காரர் சிக்கலில் மாட்டுவார். உரிமைக் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். குற்றாலத்தில் வாழ்ந்த எழுத்தாளர் ரசிகமணி டி.கே.சி. 1954இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை உரிமை நீடிப்பதால், அவர் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துகள் 2014 முடிவோடு பொதுவுடைமையாயின.

நிறுவனப் பணி: தென்காசி அருகே மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஸோகோ இருக்கிறது. மென்பொருள் நிரலைச் சட்டம் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. பணியின்போது ஊழியர் எழுதும் நிரல், மாற்று ஒப்பந்தம் இல்லையெனில், நிறுவனத்தைச் சேரும். இத்தகைய ஒப்பந்தங்களை வரி வரியாகப் படிக்கப் பிடித்தவர்களுக்கு இந்த வழி.

காப்புரிமை முகவர்: அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும், அதற்கான தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். பி.ஏ., பி.எல். மட்டும் படித்தவருக்கு இந்த வாசல் திறக்காது.

ஏஐ சான்றிதழைப் பற்றி விரிவாகவே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் ஏஐக்கென்று தனிச் சட்டம் இல்லை. கணினி உருவாக்கும் படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்ற விதி 1994ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே வந்துவிட்டது. ஏஐ நிறுவனமான ஓபன்ஏஐமீது ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கிலும், நகலெடுப்பது எது, நியாயமான பயன்பாடு எது என்ற பழைய கேள்விகளே விவாதப் பொருள். அவற்றுக்கு விடை 1957 சட்டத்தின் பிரிவுகளில்தான் தேடப்படுகிறது. அந்தப் பிரிவுகளைப் படிக்காதவருக்குச் சான்றிதழ் கைகொடுக்காது. நீதிமன்றத்தில் வாதாடும் உரிமையையும் அது தராது. அதற்குச் சட்டப் பட்டமும் பார் கவுன்சில் பதிவும் வேண்டும். நல்ல சீனியரிடம் இரண்டு மூன்று வருஷம் பிராது எழுதிப் பழகிய ஜூனியர், எந்தப் புதுத் தொழில்நுட்பம் வந்தாலும் சமாளித்துக்கொள்வார். சான்றிதழ்களை மட்டும் அடுக்கி வைத்திருப்பவர் ஒரு சாதாரண உரிம ஒப்பந்தத்தைக் கொடுத்தாலே திணறுவார்.

திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் படித்தாலும் திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் படிக்க வேண்டிய சட்டம் ஒன்றே. வாதாடும் துணிச்சல், ஒப்பந்தம் படிக்கும் நிதானம், அறிவியல் நாட்டம் ஆகியவற்றில் தன்னிடம் எது இருக்கிறது என்று மாணவர் முதலில் பார்க்க வேண்டும். தொடக்க வருஷங்களில் வருமானம் குறைவாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தைப் பொறுத்திருக்கப் பெற்றோரும் மனம் வைக்க வேண்டும்.