கீரைக்குத் தண்ணீர் குறைந்தால்

கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீடுகளில் முதலில் கைவிடப்படுவது மாடித் தோட்டம்தான். கீரையைப் பட்டினி போட்டால் விளைச்சல் மட்டுமல்ல, ருசியும் போகும். சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் வறட்சியைத் தாங்கும் செடிகள்தான். ஆனால் தாகம் நீடித்தால் இலை பெரிதாவதை நிறுத்திவிட்டு, விதை வைக்க அவசரப்படும். இலைக்கக்கத்தில் பச்சைப் பூங்கொத்து எட்டிப் பார்த்தால் அன்றே பறித்துவிடுங்கள். பிறகு தண்டு நாரேறி, கடைந்தாலும் மசியாது. பாலக்கீரை இந்த அளவுக்குக்கூட வறட்சியைத் தாங்காது.

மதிய வெயிலில் இலை துவண்டால் பதற வேண்டாம், மாலையில் நிமிர்ந்துவிடும். காலையிலும் துவண்டிருந்தால்தான் உண்மையான தாகம். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டவில்லை என்றால் உடனே ஊற்றுங்கள்.

லேசான தண்ணீர்க் குறைவு கெடுதல் அல்ல. இலையில் நீர்ச்சத்து குறைந்து மணமும் சுவையும் சற்று அடர்த்தியாகும். நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் குடம் குடமாய்க் கொட்டுவதுதான் தவறு. அதைவிடத் தினமும் காலையில் கொஞ்சம், வேரடியில்.

அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரே சின்னப் பாத்திக்குப் போதும். உப்புப் போட்டதையும் சோப்பு நுரையையும் ஊற்றாதீர்கள். மண்மேல் காய்ந்த சருகோ தேங்காய் நாரோ பரப்பினால் ஈரம் கூடுதல் நேரம் நிற்கும். பறிப்பதும் விடியற்காலையில்தான், இலை நீர் குடித்து விறைப்பாக இருக்கும்போது.