கொடி இல்லையேல் மலர் இல்லை

பேராக் மாநிலத்திலுள்ள கோப்பெங், ஈயச் சுரங்கங்களாலும் ரப்பர்த் தோட்டங்களாலும் வளர்ந்த ஊர். அதனை அடுத்த உலு கெரோ காட்டில் உலகின் மிகப் பெரிய மலர் வகைகளுள் ஒன்றான ரஃப்லேசியா பூக்கிறது.

ரஃப்லேசியாவுக்கு இலை இல்லை; தண்டு இல்லை; வேரும் இல்லை. பச்சையம் இல்லாததால் அது தன் உணவைத் தானே தயாரிக்க இயலாது. திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுக் கொடிக்குள் மெல்லிய இழைகளாகப் பரவி, அதன் நீரையும் சத்தையும் உறிஞ்சி வாழ்கிறது. இவ்வாறு வாழும் உயிரை ஒட்டுண்ணி என்றும், அதற்கு இடமளிக்கும் உயிரை ஓம்புயிர் என்றும் கூறுவர்.

கொடியின் பட்டையைப் பிளந்து வெளிவரும் மொட்டு, மலர்வதற்குப் பல மாதங்கள் எடுத்துக்கொள்ளும். மலர்ந்த பூவோ ஏறக்குறைய ஒரு வாரத்தில் அழுகிவிடும். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியானவை. எனவே, இரண்டும் அருகருகே ஒரே சமயத்தில் மலர்ந்தால்தான் மகரந்தச் சேர்க்கை நடைபெறும். அழுகிய இறைச்சியைப் போன்ற நாற்றத்தால் பூ ஈக்களை ஈர்க்கிறது. இறைச்சி என்று நம்பி வரும் ஈ, மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது. பூவுக்கு நன்மை, ஈக்கோ ஏமாற்றம்!

இதே காட்டில் ராஜா புரூக் பட்டாம்பூச்சியும் வாழ்கிறது. 1855ஆம் ஆண்டில் ஆல்பிரட் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர், சரவாக்கின் அன்றைய ஆட்சியாளர் ஜேம்ஸ் புரூக்கின் பெயரை இதற்குச் சூட்டினார். இதன் புழு, ஈஸ்வரமூலி இனத்தைச் சேர்ந்த நச்சுக் கொடியின் இலைகளைத் தின்று வளர்கிறது. அந்த நஞ்சே அதனைப் பறவைகளிடமிருந்து காக்கும் கவசமாகிறது.

இக்காட்டில் மனிதனுக்கும் பங்குண்டு. முன்பு ரஃப்லேசியா மொட்டுகள் மருந்துக்காகப் பறிக்கப்பட்டன. பட்டாம்பூச்சிகள் பிடித்து விற்கப்பட்டன. இன்று இங்கு வாழும் செமாய் பூர்வகுடியினர் வழிகாட்டிகளாகி, பூத்திருக்கும் இடங்களுக்குப் பயணிகளை அழைத்துச் செல்கின்றனர். பறித்த மொட்டு ஒருமுறைதான் விலைபோகும். காட்டில் விட்டுவைத்த மலரோ மீண்டும் மீண்டும் வருமானம் தரும்.

அழகிய மலரைப் பாதுகாக்க வேண்டும் என்று அனைவரும் சொல்வர். ஆனால், எவர் கண்ணுக்கும் படாத கொடியை வெட்டினால் மலரும் அதனுடன் அழியும். பலரும் அருவருக்கும் ஈ இல்லையென்றால் விதை இல்லை. ஆகவே, ஓர் உயிரினத்தைக் காப்பது என்பது, அது சார்ந்திருக்கும் எல்லா உயிர்களையும் சேர்த்துக் காப்பதே ஆகும்.