பனியே இல்லாத ஊரில் ‘ஃப்ரீஸ் பிளக்’ எதற்கு?

கேள்வி: என்னிடம் 1984-ம் ஆண்டு அம்பாசடர் பெட்ரோல் கார் இருக்கிறது. அப்பா வாங்கியது. சில வாரங்களாக ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. எஞ்சினின் பக்கவாட்டில் துருக்கறை வழிந்திருக்கிறது. “ஃப்ரீஸ் பிளக் போயிடுச்சு சார்” என்கிறார் மெக்கானிக். உள்ளே தண்ணீர் உறைந்தால் எஞ்சின் வெடிக்காமல் காப்பாற்றுவதற்காக வைத்த மூடி அது என்றும் சொன்னார். திருச்சி வெயிலில் எந்தத் தண்ணீர் உறையப் போகிறது? பிறகு ஏன் அது கெட்டது? ஒழுகுகிற ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?
– வாசகர், திருச்சி

பதில்: அருமையான கேள்வி. குளிர்நாட்டுக்காரருக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்காது. வெயில் ஊர்க்காரர் என்பதால் உங்களுக்கு வந்திருக்கிறது. உங்கள் மெக்கானிக் கண்டுபிடித்த கோளாறு சரியாகவே இருக்கலாம். அவர் சொன்ன காரணம்தான் சரியில்லை. அதற்காக அவரைக் குறை சொல்லாதீர்கள். பல நாடுகளில் அனுபவமுள்ள மெக்கானிக்குகளே அப்படித்தான் நம்புகிறார்கள்.

அந்த நம்பிக்கை எப்படி வந்தது? தண்ணீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். குளிர்நாடுகளில் வெறும் தண்ணீர் ஊற்றிய காரை இரவில் வெளியே விட்டுவைத்தால், சில சமயம் அந்த விரிவு இந்த மூடியைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடும். காலையில் பார்த்தவர்கள், எஞ்சினைக் காப்பாற்றவே மூடி கழன்றது என்று முடிவுகட்டினார்கள். ஆனால் மூடி அசையாமல் இருக்க, எஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டதும் உண்டு. பனிக்கட்டி எந்த மூலையில் முதலில் இறுகும் என்று சொல்ல முடியாது. சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள இடுக்கில் இறுகிவிட்டால் பக்கவாட்டு மூடியால் ஒரு பயனும் இல்லை. ஆகவே இது பாதுகாப்புச் சாதனம் அல்ல.

உண்மைக் காரணம் வார்ப்படத்தில் இருக்கிறது. உங்கள் காரின் 1,489 சி.சி. எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் வழிவந்தது. அதன் பிளாக் வார்ப்பிரும்பால் ஆனது. சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதற்கு உள்ளே ஓர் அறை உண்டு; அதை ‘வாட்டர் ஜாக்கெட்’ என்பார்கள். அந்த வெற்றிடம் உருவாக, அச்சுக்குள் மணலால் செய்த ‘கோர்’, அதாவது உட்கரு, ஒன்றை வைத்துச் சுற்றிலும் இரும்புக் குழம்பை ஊற்றுகிறார்கள். கோவை ஃபவுண்டரிகளில் பம்புகளின் உடலை வார்ப்பதும் இதே முறையில்தான். மணல் கோர் அந்தரத்தில் நிற்காது. அச்சின் சுவரில் அதைத் தாங்கிப் பிடிக்க முனைகள் வேண்டும். இரும்பு இறுகிய பிறகு அந்த முனைகள் இருந்த இடமெல்லாம் துளையாகும். அந்தத் துளைகள் வழியாகத்தான் உள்ளே இருக்கும் மணலை வெளியே எடுக்கிறார்கள். பிறகு துளைகளைக் கடைந்து சீராக்கி, மெல்லிய தகட்டு மூடி அடித்து அடைக்கிறார்கள். அந்த மூடிதான் ‘கோர் பிளக்’. திருச்சியில் ஓடினாலும் லண்டனில் ஓடினாலும் இப்படி வார்த்த எஞ்சினுக்கு அது வேண்டும்.

இனி, அது ஏன் ஒழுகுகிறது? பிளாக்கின் சுவர் சில மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. மூடியோ பெரும்பாலும் மெல்லிய இரும்புத் தகடு. இரண்டையும் ஒரே தண்ணீர் அரிக்கும்போது மெல்லியதுதான் முதலில் ஓட்டையாகும். நம் ஊரில் ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்றுவது வழக்கம். அதில் உப்பு இருக்கிறது. கரைந்த ஆக்சிஜனும் இருக்கிறது. குறையக் குறைய ஊற்றும்போது இரண்டும் புதிதாக உள்ளே போகின்றன. உதிரும் துரு ஜாக்கெட்டின் அடியில் சேறாகத் தங்கி, மூடியின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சேற்றுக்கு அடியில் அரிப்பு இன்னும் வேகமாகும். பழைய மூடியைக் கழற்றும்போது அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். வெளிப்புறம் பெயின்ட்கூட உதிராமல் இருக்கும்; உட்புறம் அம்மைத் தழும்புபோலக் குழி குழியாக அரித்து, சில இடங்களில் விரலால் அழுத்தினாலே உடைந்துவிடும்.

மாற்றுவதற்கு முன், ஒழுக்கு அங்கிருந்துதான் வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். வாட்டர் பம்பிலோ ஹோஸ் பைப்பிலோ கசியும் தண்ணீரும் அந்த வழியாக இறங்கலாம். அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். மூடியின் விளிம்பிலிருந்தோ நடுவிலிருந்தோ ஈரம் துளிர்த்தால் சந்தேகம் தீர்ந்தது.

வேலை தொடங்கும்போது எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். தண்ணீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும். மூடி இரண்டு வகைப்படும். குவிந்த தட்டு வடிவில் இருப்பது ‘வெல்ஷ் பிளக்’. பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களில் இது அதிகம். மற்றது கிண்ண வடிவம். தட்டு வகையென்றால் நடுவில் சிறு துளை போட்டு நெம்பி எடுப்பார்கள். டிரில் ஆழமாகப் போய்விடக் கூடாது; பின்னாலேயே சிலிண்டரின் சுவர் இருக்கிறது. கிண்ண வகையென்றால் ஓரத்தில் மழுங்கிய உளி வைத்துத் தட்டினால், மூடி துளைக்குள் குறுக்காகத் திரும்பும்; பிளையரால் இழுத்துவிடலாம். எதையும் ஜாக்கெட்டுக்குள் தள்ளிவிடக் கூடாது.

துளை திறந்திருக்கும்போதே உள்ளே தேங்கிய சேற்றைக் கம்பியால் கிளறி, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசச் சொல்லுங்கள். இத்தனை வசதியாக இதைச் செய்ய வேறு வாய்ப்பு வராது. மூடி உட்காரும் இடத்தை எமரி தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, துளையின் அளவை வெர்னியரால் எடுத்து, அதற்கேற்ற மூடி வாங்க வேண்டும். விளிம்பில் ஷெல்லாக்கோ காஸ்கெட் சீலன்ட்டோ மெல்லிசாகத் தடவினால் போதும். தட்டு வகையைக் குவிந்த பக்கம் வெளியே பார்க்க வைத்து, நடுவில் மழுங்கிய தண்டால் அடிக்க வேண்டும். குவிவு தட்டையாகும்போது விளிம்பு விரிந்து துளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். உள்ளே குழியும் அளவுக்கு அடித்தால் பிடி தளர்ந்துவிடும். கிண்ண வகையை, அதன் உள்ளே பொருந்தும் சாக்கெட் ஒன்றை வைத்து, கோணாமல் நேராக இறக்க வேண்டும்.

ஒன்று மட்டும் போதுமா? போதாது. எல்லாம் ஒரே வயது, ஒரே தண்ணீரில் ஊறியவை. மூடியின் விலை சொற்பம். மேனிஃபோல்டையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் கழற்றுகிற கூலிதான் பெரிது. எனவே கை எட்டுகிற எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றிவிடுங்கள். கிடைத்தால் பித்தளை மூடியாக வாங்குங்கள், அது துருப்பிடிக்காது. எஞ்சினின் பின்புறம் இருக்கும் மூடிக்குக் கியர் பாக்ஸை இறக்க வேண்டிவரும். அது ஒழுகவில்லை என்றால், கிளட்ச் வேலைக்காகக் கியர் பாக்ஸ் இறங்கும்வரை பொறுக்கலாம்.

ஒழுகும் இடத்தில் எபாக்சி பசை அப்புவது நீடிக்காது; துருவின்மேல் பசை நிற்காது. ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது நம் டிரைவர்களின் பழைய கைவைத்தியம். வழியில் நின்றுவிட்டால் வீடு வந்து சேர அது உதவலாம். அதையே நிரந்தரமாக்கினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைத்து, எஞ்சின் சூடேறும்.

வேலை முடிந்ததும் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூலன்ட்டை அதன் டப்பாவில் சொன்ன விகிதத்தில் டீமினரலைஸ்டு வாட்டரோடு, அதாவது உப்பு நீக்கிய நீரோடு, கலந்து ஊற்றுங்கள். உறையாமல் காக்கும் அதன் குணம் நமக்குத் தேவையில்லை. அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்து அவசியம் தேவை. அந்த மருந்து நாளடைவில் வலுவிழக்கும் என்பதால், சாதாரண கூலன்ட்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. மூடி எந்தக் காலத்திலும் கிடைக்கும். அந்த பிளாக்கைப் புதிதாக வார்த்துத் தர இனி யாரும் இல்லை. மூடியை அரித்த தண்ணீர் பிளாக்கையும் அரித்துக்கொண்டுதான் இருந்தது. அப்பாவின் கார் இன்னும் பல ஆண்டு ஓட வேண்டுமென்றால், மூடியோடு சேர்த்துத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் மாற்றிவிடுங்கள்.