ஆண்டவர் பெயரில் போட்ட கையெழுத்து

மகளே,

போன ஞாயிறு ஆராதனை முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாய்: "தாத்தா, சென்னையில கிடைச்ச வேலைக்குப் போகவா, இங்கேயே இருந்து மேல படிக்கவா? கர்த்தருடைய சித்தம் எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. இந்த 78 வயதில் நான் சரியாக எடுத்த முடிவுகளை விரல் மடக்கி எண்ணிவிடலாம். பிசகியவற்றுக்குத்தான் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். அந்த நோட்டிலிருந்து எழுதுகிறேன்.

1. சீட்டுப் போட்டுப் பார்க்காதே. எனக்கு 22 வயதில் ஒரே வாரத்தில் இரண்டு வேலைக்கு உத்தரவு வந்தது. ஒன்று ரயில்வேயில் குமாஸ்தா, மற்றது மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இரண்டையும் துண்டுக் காகிதத்தில் எழுதி, மடித்து, வேதாகமத்துக்குள் செருகி, முழங்காலில் நின்று ஒன்றை உருவினேன். பள்ளிக்கூடம் வந்தது. மூன்று தடவை எடுத்தால்தான் உறுதி என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு மறுபடியும் எடுத்தேன். மூன்றாவதில் ரயில்வே வந்ததும் மனசு துள்ளியது. அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "நீயே குலுக்கி நீயே எடுத்தா, ஆண்டவருக்கு அதுல என்னலே வேலை?" என்றாள்.

யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தானே எடுத்தார்கள் என்று கேட்பாய். ஆமாம். ஆனால் யோவான் ஞானஸ்நானம் கொடுத்த நாள் தொட்டுக் கூடவே நடந்தவர்கள் யார் என்று முதலில் பார்த்து, அதில் இருவரை நிறுத்திய பிறகுதான் சீட்டு. அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் இறங்குகிறார். அதன்பின் அப்போஸ்தலர் நடபடிகளில் சபை சீட்டுப் போட்டதாக ஓரிடமும் இல்லை.

2. அடையாளம் கேட்டு அலையாதே. "ஆறரை பஸ் நேரத்துக்கு வந்தா போறேன், வராட்டா இல்லை" என்பதெல்லாம் வேண்டாம். நம் ஊர் பஸ்ஸை நம்பி ஒரு வாழ்க்கையா? கிதியோன் அடையாளம் கேட்டுத் தோலைப் போட்டதைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். கிதியோனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அதற்கு முன்பே சொல்லியாகிவிட்டது. தோலைப் போட்டது அவனுடைய பயம். விதவை மறுமணம் செய்வதைப் பற்றி எழுதும்போது பவுல், கர்த்தருக்குள் இருந்தால் போதும், யாரை என்பது அவள் விருப்பம் என்று விட்டுவிடுகிறார். எத்தனை பெரிய காரியம், எவ்வளவு லேசாக விட்டுவிட்டார் பார். உன் வேலையும் படிப்பும் அப்படித்தான். இரண்டும் நல்ல வழி. எதில் போனாலும் அவர் கூட வருவார். இஷ்டம் எது என்று உன்னையே கேட்டுக்கொள், அது பாவமில்லை.

3. ராத்திரியில் முடிவெடுக்காதே. கோபத்தில், பசியில், எழுப்புதல் கூட்டம் முடிந்து உடம்பெல்லாம் சிலிர்த்திருக்கிற நேரத்தில் எதற்கும் கையெழுத்துப் போடாதே. ஒரு தடவை தலைமையாசிரியரோடு சண்டை. வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், "கர்த்தர் என்னை வேறு ஊழியத்துக்கு அழைக்கிறார்" என்று ராஜினாமா எழுதினேன். உன் ஆச்சி வாங்கிப் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அரிசிப் பானையைத் திறந்து கடிதத்தை உள்ளே புதைத்துவிட்டு, "காலைல அரிசி எடுக்கும்போது தாரேன். இப்ப கஞ்சி குடிங்க" என்றாள். காலையில் நான் கேட்கவில்லை, அவளும் தரவில்லை. எலியா சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும், சாகிறேன் என்றபோது, தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். மறுபடியும் தூங்கவிட்டான். ஆண்டவர் அவனிடம் பேசியதெல்லாம் அதற்கப்புறம், 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகு.

4. முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஒருவரைத் தேடிக் கேள். நாம் யாரிடம் ஆலோசனை கேட்கப் போகிறோம் என்பதிலேயே பாதி களவு இருக்கிறது; ஆமென் போடுகிறவர் வீட்டுக்குத்தான் கால் போகும். வீட்டுமனை வாங்கும்போது ஜெபக்குழுவில் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பலசரக்குக் கடை சாயபு ஒருவர்தான், "வாத்தியாரே, அந்தப் பக்கம் தண்ணி உப்பு. பத்து வருஷமாப் பார்க்கிறேன்" என்றார். அவருக்கு நம் வேதம் தெரியாதே என்று நினைத்தேன். இன்றைக்கும் குடிக்கத் தண்ணீர் விலைக்கு வாங்குகிறோம்.

மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்த்துக் களைத்துப்போவதைப் பார்த்து, ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வை என்று வழி சொன்னது யார்? மாமனார் எத்திரோ. மீதியானியரின் ஆசாரியன். சீனாய் மலையில் கற்பனைகள் வருவதற்கு இரண்டு அதிகாரம் முன்னால் நடந்தது இது. நியாயப்பிரமாணம் வாங்கப் போகிறவன் மாமனார் பேச்சைக் கேட்டான். நான் சாயபு பேச்சைக் கேட்கவில்லை.

5. கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் இல்லை. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவை எண்ணுவானே என்று சொன்னவர் இயேசுவேதான். "விசுவாசத்துல போடுங்க அண்ணாச்சி" என்று ஒரு சகோதரன் கடன் பத்திரத்தை நீட்டினான். ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். பிறனுக்காகக் கைகொடுத்துக் கண்ணியில் மாட்டிக்கொள்ளாதே என்று நீதிமொழிகள் ஒரு தடவை அல்ல, பல தடவை எச்சரிப்பதை நானே ஞாயிறு பள்ளியில் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஐந்து வருஷம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். ஆச்சியின் கழுத்துச் சங்கிலி அதில் போனதுதான், திரும்ப வரவில்லை. கொடுக்க முடிந்ததைக் கையில் கொடு; முடியாததற்குக் கையெழுத்துப் போடாதே.

6. சின்ன முடிவுகளில் பழகு. அம்மா உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்துக் கோயில் கலயத்தில் போடுவாள். பானையில் அரிசி அடித்தட்டிக் கிடந்த நாட்களிலும் அந்தக் கை முதலில் கலயத்துக்குத்தான் போகும். "இன்னிக்குப் போடவா வேண்டாமா" என்று அவள் யோசித்து நான் பார்த்ததில்லை. பெரிய முடிவு எடுக்க வேண்டி வந்தபோதும் அவள் அதிகம் யோசிக்கவில்லை.

7. அடைபட்ட கதவின் முன் உட்கார்ந்து அழாதே. அயர்லாந்தில் பிறந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் முதலில் போனது ஜப்பானுக்கு, 1893-இல். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. 1895-இல் இந்தியா வந்தார். 1901-இல் நம் டோனாவூர். கோயில்களுக்கு விடப்படவிருந்த பெண்பிள்ளைகளுக்கு அங்கே ஒரு வீடு உண்டாயிற்று. 1931-இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு 1951-இல் கண்மூடும் வரை பெரும்பாலும் படுக்கைதான். அந்த அறையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். பவுலும் பித்தினியாவுக்குப் போகப் பார்த்து, தடுக்கப்பட்டுத்தான் துரோவாவுக்கு இறங்கினார். ஆனால் ஒன்று, மகளே: பூட்டிய கதவெல்லாம் ஆண்டவர் பூட்டியது என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதே. சிலவற்றை மனுஷன் பூட்டிவிட்டுச் சாவியை மடியில் வைத்திருப்பான். அப்படி ஒரு கதவை நானே பூட்டினேன்.

8. உன் ஆசைக்கோ பயத்துக்கோ ஆண்டவர் பெயரில் கையெழுத்துப் போடாதே. இதை எழுதத்தான் மற்ற ஏழையும் எழுதினேன்.

1996-இல் உன் அத்தையைக் கேட்டு ஒரு பையன் வீட்டிலிருந்து வந்தார்கள். அவனும் வாத்தியார். பாடகர் குழுவில் பாடுவான். மூன்று தலைமுறையாக விசுவாசிகள். அத்தைக்கும் பிடித்திருந்தது. ஆனால் வேறு சாதி. சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் ஆணை அனுப்பியது 1833-இல். 163 வருஷமாகியும் அது என் வீட்டு வாசல்படியைத் தாண்டவில்லை. சாதி என்று சொல்ல எனக்கு வெட்கம். அதனால் ஒரு இன்லண்ட் கடிதத்தில், "குடும்பமாக ஜெபித்துப் பார்த்தோம். எங்களுக்குச் சமாதானம் இல்லை. கர்த்தருடைய சித்தம் இல்லை என்று விளங்குகிறது" என்று எழுதினேன். நாங்கள் ஒரு நிமிஷம்கூட ஜெபிக்கவில்லை. நாக்கால் பசையை நனைத்து ஒட்டினேன். அந்தப் புளிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

அத்தையை நான் பார்த்த இடத்தில் கட்டிக்கொடுத்தோம். குறையில்லாமல்தான் இருக்கிறாள். ஆனால் "ஜெபிக்கலாமா?" என்று நான் ஆரம்பித்தால், இன்றைக்கும் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். நீ கவனித்திருப்பாய்.

2019-இல் ஒருநாள், அன்று நான் வேண்டாமென்று எழுதிய அந்த வாத்தியாரைத் தேடிப் போனேன். தலை நரைத்திருந்தது. திண்ணையில் உட்கார வைத்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சார், சாதின்னு எழுதியிருந்தா உங்க மேல கோபப்பட்டிருப்பேன். கர்த்தர்னு எழுதினீங்க. நாலு வருஷம் நான் கோயிலுக்குப் போகலே" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. உள்ளே எழுந்து போனார். நான் கிளம்பிவிடலாமா என்று நினைக்கையில், காப்பிக்குச் சீனி போடலாமா என்று உள்ளிருந்து கேட்டார்.

உன் அத்தையிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். நீ சென்னைக்குப் போவதானாலும் பண்டிகை முடிந்து போ. அன்றைக்கு நீ என் பக்கத்தில் இருந்தால் நன்றாயிருக்கும்.