போர் முடிந்தது, நாயகன் என்ன ஆனான்?

காமிக்ஸ் என்றதும் "சின்னப் பசங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். போர்க்காலத்தில் மக்கள் தலையில் தூக்கி வைத்து ஆடிய நாயகனை, போர் முடிந்தபின் அவர்களே எப்படிப் பார்க்கிறார்கள்? இதற்கு அமெரிக்க சூப்பர் ஹீரோக்களின் கதை நல்ல பாடம். இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1. கேப்டன் அமெரிக்கா

ஜோ சைமன், ஜாக் கிர்பி என்ற இருவர் படைத்த பாத்திரம். முதல் இதழ் 1940 டிசம்பரில் கடைக்கு வந்தது. அட்டையிலேயே ஹிட்லரின் தாடையில் ஒரு குத்து! அமெரிக்கா போரில் இறங்கியதோ அதற்கு ஓராண்டு கழித்துத்தான். ராணுவத்துக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட ஒல்லிப் பையன், ஒரு மருந்தால் மாவீரன் ஆகிறான். போருக்கென்றே பிறந்தவன்.

1945-ல் போர் முடிந்தது. அவன் வேலையும் முடிந்தது. விற்பனை சரியவே, இதழைத் திகில் கதைப் புத்தகமாக மாற்றிப் பார்த்தார்கள். 1950 பிப்ரவரி தேதியிட்ட கடைசி இதழின் தலைப்பில் அவன் பெயர் இருந்தது. உள்ளே ஆளே இல்லை! 1954-ல் கம்யூனிஸ்டுகளோடு மோதவிட்டார்கள். மூன்றே இதழோடு அதுவும் நின்றது.

அவனைப் படைத்த இருவரும் போர்க்காலத்தில் படைப்பணி செய்து திரும்பியவர்கள். 1947-ல் அவர்கள் ஆரம்பித்தது எது தெரியுமா? காதல் கதை இதழ்! சண்டை போதும், இனி வீடு, கல்யாணம், குடும்பம் என்று நாடே நினைத்த நேரம் அது.

2. சூப்பர்மேன்

1938-ல் பிறந்தவர். இவர் போருக்குப் போனால் ஒரே நாளில் முடித்துவிடுவாரே, அப்புறம் நிஜ சிப்பாய்க்கு என்ன மதிப்பு? அதனால் 1942-ல் கதாசிரியர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ராணுவக் கண் பரிசோதனையில், எக்ஸ்ரே பார்வையால் சுவரைத் தாண்டி அடுத்த அறையின் எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு ஃபெயில் ஆகிவிடுகிறார்! ஆக, போரோடு அவரை இறுக்கிக் கட்டவில்லை. 1946-ல் வானொலித் தொடரில் இனவெறிக் கும்பலை எதிர்த்தார். 1952-ல் தொலைக்காட்சிக்கும் போனார். வேலை தீரவே இல்லை.

3. சந்தேகப் பார்வை

இருந்தும் 1954-ல் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகமே எழுதினார். முஷ்டி பலத்தால் நீதி வழங்கும் சூப்பர்மேனிடம் பாசிசச் சாயலைக் கண்டார். நாஜிகளின் எதிரிகளாகக் கொண்டாடப்பட்ட கூட்டத்துக்கே இந்தக் குற்றச்சாட்டு! அதே ஆண்டு செனட் விசாரணையும் தணிக்கை விதிகளும் வந்தன.

முடிவாக...

நம்ம ஒர்க் ஷாப் பாஷையில் சொல்கிறேன். கேப்டன் அமெரிக்கா ஒரு ஜிக். ஆர்டர் முடிந்ததும் மூலைக்குப் போய்விடும். சூப்பர்மேன் ஒரு லேத். எந்த ஜாப் வந்தாலும் ஓடும்.

ஆனால் கேப்டன் திரும்பி வந்தான். 1964-ல் பனிக்கட்டியில் உறைந்து கிடந்தவனாக, இறந்த தோழனை எண்ணிக் கலங்குபவனாக, புதிய காலத்தில் தடுமாறுபவனாக. வெற்றி வீரனை மறந்த மக்கள், அந்தத் தனி மனிதனை ஏற்றுக்கொண்டார்கள். இன்றுவரை நிற்கிறான்.

நண்பர்களே, டிப்ளமோ கையில் வந்தபின் நமக்கும் இதுதான். ஒரே மெஷினை மட்டும் தெரிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டால், அந்த மெஷின் போகும்போது நாமும் போகவேண்டியதுதான். அடுத்த வேலைக்கு நம்மைத் தயார் செய்துகொண்டே இருப்போம்!