இரத்தம், நரம்பு, மனம்: மூன்றிற்கும் ஒரு குறை

நெடுநாள் நோய்களை இரத்த நோய், நரம்பு நோய், மன நோய் எனப் பகுத்து ஓதுவது பாட நூல்களின் வழக்கம். கற்பதற்கு இப்பகுப்பு எளிது. உடலோ இவ்வரம்புகளை அறியாது. ஒரே காரணம் மூன்றிடத்தும் தன் வேலையைக் காட்டுதல் உண்டு. பி12 என்னும் வைட்டமின் குறைவால் நேரும் நோய் இதற்குத் தக்க சான்றாகும்.

இக்குறையால் வரும் கொடிய சோகையை 1849-ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் தாமஸ் அடிசன் விவரித்தார். அந்நாளில் இதனைத் தீர்க்கும் மருந்தில்லை. 1926-இல் அமெரிக்க வைத்தியர்களாகிய மைனாட், மர்பி என்பார் 45 நோயாளிகளுக்கு நாடோறும் ஈரலை உணவாக அளித்து, அவர்கள் தேறியதை வெளியிட்டனர். ஈரலில் மறைந்திருந்த மருந்துப் பொருள் 1948-இல் செந்நிறப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே பி12.

இவ்வைட்டமின் பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உண்டு. காய்கனி தானியங்களில் இல்லை. உண்ட பின்னரும், இரைப்பையில் ஊறும் ஒரு புரதத்தோடு கூடினாலன்றிச் சிறுகுடல் இதனைச் செவ்வனே ஏற்பதில்லை. அப்புரதம் ஊறாதொழியின் நன்றாக உண்பவர்க்கும் குறை நேரும். ஈரலிலுள்ள சேமிப்பு சில ஆண்டுகளுக்குப் போதுமாதலால் நோய் அரவமின்றி வருகின்றது.

குறை முற்றியபோது எலும்பு மஜ்ஜையில் செவ்வணுக்கள் முதிராமல் பருத்துப் பிறக்கும். முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும். நரம்புகளைப் போர்த்த கொழுப்புறை சிதையும். பாதம் மரத்து, நடை தள்ளாடும். மூளையும் தப்பாது; மறதி, சோர்வு, சிலரிடம் சித்தப்பிரமையும் தோன்றும்.

இங்கு வைத்தியத்தில் ஓர் அபாயம் உண்டு. ஃபோலிக் அமிலம் என்னும் வேறொரு வைட்டமினை மட்டும் கொடுத்தால் வெளுப்பு மாறும். இரத்தம் சீர்ப்பட்டதாகத் தோன்றும். ஆயினும் தண்டுவடம் பழுதுபட்டுக்கொண்டே இருக்கும். இரத்தம் நலமாயிருப்பதொன்றே போதிய சாட்சியன்று. 1988-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், பி12 குறைவால் நரம்பும் மனமும் நலிந்த 141 பேருள் 40 பேருக்குச் சோகையோ, அணுப் பருமனோ காணப்படவில்லை.

சிகிச்சையோ எளிது. இரத்தத்தைச் சோதித்துக் குறையை அறிந்து, ஊசி வழியாகவோ மிகுந்த அளவில் மாத்திரையாகவோ பி12 அளிப்பர். இரைப்பையின் பழுதே காரணமாயின் ஆயுள் முழுதும் அளிக்கவேண்டும். இரத்தம் சில வாரங்களில் தேறும்; நரம்பு தேற மாதங்கள் ஆகும்; காலம் கடந்து வந்தோர்க்கு முழுதும் மீளாமலும் போகலாம்.

மனம் கலங்கினார் யாவர்க்கும் இதுவே காரணம் என்பதன்று. ஆயினும் முதியோர் ஒருவர் பெயர்களை மறந்து, கால் தடுமாறி நிற்கையில், மூப்பின் இயல்பென்றோ பித்தென்றோ ஒதுக்குமுன் ஒரு சோதனை செய்வித்தல் வீட்டார் கடமை. தீர்க்கத்தக்க நோயைத் தீராததென்று விட்டுவிடுதலினும் பெரிய நஷ்டம் வேறில்லை. கற்றோர் இதனைத் தம் இல்லத்தார்க்கும் அயலார்க்கும் எடுத்துரைப்பாராக.