சேமித்தது அப்படியே திரும்பி வர

அன்புள்ள மருமகளே,

நீ எழுதிய படிவச் செயலியைத் திறந்து பார்த்தேன். பெட்டிகளை இழுத்து வைக்க முடிகிறது, நிறம் மாற்ற முடிகிறது. சேமித்து மறுபடி திறந்தால்தான் பாதி பண்புகள் காணாமல் போகின்றன.

இது விளையாட்டு வேலையில்லை. தென்காசிக்குப் பக்கத்தில், மத்தளம்பாறையில், ஸோகோ என்னும் மென்பொருள் நிறுவனம் 2011-இல் அலுவலகம் திறந்தது. ஸோகோ டெஸ்க் என்னும் வாடிக்கையாளர் சேவை மென்பொருள் அங்கே வளர்ந்ததுதான். அதுபோன்ற மென்பொருளில் ஒவ்வொரு நிறுவனமும் தன் படிவத்தைத் தானே அமைத்துக்கொள்ளும். அந்த அமைப்பு சேமிப்பில் சிதைந்தால் யாரும் நம்பிப் பயன்படுத்த மாட்டார்கள்.

நீ ஜாவாஸ்கிரிப்டில் பொத்தானை அப்படியே ஜேசான் என்னும் எழுத்து வடிவமாக மாற்றப் பார்க்கிறாய். திரையில் இருக்கும் பொத்தானைக் கொடுத்தால் பெரும்பாலும் வெறும் அடைப்புக்குறிகள்தான் கிடைக்கும். நீயே செய்த ஆப்ஜெக்ட் என்றாலும் ஃபங்ஷன்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். தேதி வெறும் எழுத்துச்சரமாகும். பெட்டி படிவத்தையும் படிவம் பெட்டியையும் சுட்டினால் பிழை வந்து நின்றுவிடும்.

ஆகவே எதைக் காப்பது என்று நீயே பட்டியல் போடு: வகை, அடையாளம், தலைப்பு, இடம், அளவு, நிறம், கட்டாயமா இல்லையா. தாய்ப் படிவத்தின் அடையாளத்தை மட்டும் எழுது. ஃபங்ஷனுக்குப் பதில் அதன் பெயர் போதும். திறக்கும்போது கணக்கிட்டுக்கொள்ளக் கூடியதை எழுதாதே. மதிப்பின் வகையையும் கவனி: தென்காசியின் எஸ்டிடி குறியீடான 04633-ஐ எண்ணாக மாற்றினால் முன்னிருக்கும் சுழி போய்விடும்.

இயல்பு மதிப்புகளில், அதாவது நாம் எதுவும் தராதபோது தானே வரும் மதிப்புகளில், ஒரு கண்ணி உண்டு. ஜாவா மொழியில் நடந்ததைப் பார். அதன் திரைக்கூறுகளான ஸ்விங் ஆப்ஜெக்ட்களை நேரடியாகச் சேமித்தால் அடுத்த பதிப்பில் திறக்காமல் போகலாம் என்று ஜாவா ஆவணமே எச்சரிக்கிறது. அதற்காக ஜாவா 1.4-இல் எக்ஸ்எம்எல்என்கோடர் என்னும் சேமிப்புக் கருவி வந்தது. இயல்பு மதிப்பிலிருந்து மாறிய பண்புகளை மட்டும் அது எழுதும். கோப்பு சிறிதாகும். ஆனால் இதே முறையை நீ பின்பற்றி, நாளை பொத்தானின் இயல்பு நிறத்தை மாற்றினால், பழைய படிவங்களெல்லாம் யாரையும் கேட்காமல் நிறம் மாறிவிடும். எனவே கோப்பில் பதிப்பு எண் எழுது. பழைய பதிப்பின் இயல்பு மதிப்புகளையும் வைத்திரு.

சோதிக்கும்போது, சேமித்துத் திறந்து மறுபடி சேமித்து இரண்டு கோப்புகளை ஒப்பிடுவது போதாது. முதல் முறை தொலைந்தது இரண்டாம் முறையும் இருக்காது. கோப்புகள் ஒன்றாகவே தெரியும். முதலில் இருந்த ஆப்ஜெக்டையும் திறந்து வந்ததையும் பண்பு பண்பாக ஒப்பிடு. ஒவ்வொரு பண்புக்கும் இயல்பல்லாத மதிப்பு கொடு. இல்லையென்றால் தொலைந்த பண்பு இயல்பு மதிப்போடு வந்து நின்று உன்னை ஏமாற்றும்.

நிறத்துக்கும் கட்டாயக் குறிக்கும் முதலில் இந்தச் சோதனையை எழுதி அனுப்பு.

அன்புடன்,
மாமா